சிரிக்காத வில்லிகள்

பொன்விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நம் சபாவின் செயலாளர் கேட்டபோது, தலைப்பை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வசந்தசேனையாகவும் காந்தாவாகவும் கைகேயியாகவும் இதே மேடையில் நின்று உங்களிடம் வசவு வாங்கியவளிடம் வேறு எதைப் பற்றி எழுதச் சொல்வார்கள்? வில்லி நடிப்பை ராஜகுமாரி வழி, ராஜம் வழி, சி.கே. வழி என்று ஒத்திகைகளில் நாம் பிரித்துப் பேசுவது உறுப்பினர்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பிரிவினையை விளக்க இந்தப் பக்கங்களைச் செலவிடப் போவதில்லை. ஒவ்வொரு வழிக்கும் ஓர் அளவுகோல் இருந்தது, அந்த அளவுகோல் இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சொல்லவே எழுதுகிறேன்.

நம் ஊரான மைசூருக்கு வில்லி சினிமாவோடு வந்தவள் இல்லை. ரங்காச்சார்லு நினைவு மண்டபத்தை டவுன்ஹால் என்று சொல்லியே நமக்குப் பழக்கம். அது 1884-இல் எழுந்தது. அரண்மனை ஆதரவில் நாடகக் கம்பெனிகள் தழைத்த காலம் அது. அந்த நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் ஸ்ரீகண்டேச கௌடர் மெக்பெத்தைக் கன்னடமாக்கி ‘பிரதாபருத்ரதேவ’ என்று தந்தார். தூங்கும் விருந்தாளியைக் கொல்லக் கணவனைத் தூண்டுகிற பெண் கன்னட நாடகத்துக்கு அப்போதே வந்துவிட்டாள். ஏறக்குறைய அதே ஆண்டுகளில்தான் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபாவுக்காக, வசந்தசேனை வில்லியாக வரும் ‘மனோகரா’வை எழுதினார். பழைய மைசூர் ரசிகர்களுக்கு வசந்தசேனை என்றால் மிருச்சகடிகத்தின் நல்ல நாயகி. 1941-இல் சுப்பையா நாயுடுவும் லட்சுமிபாயும் நடித்த கன்னடப் படத்தின் பெயரே ‘வசந்தசேனா’தான். அதே பெயரில் ஒரு நச்சுக் கிண்ணத்தை அவர்கள் முன் கொண்டுவந்து வைத்தது தமிழ் நாடகம். இந்த ஊரில் அந்த வேஷத்தைப் போடுவதில் எப்போதும் ஒரு கூடுதல் பாரம் இருந்தது என்று எங்களுக்கு நடிப்புச் சொல்லித்தந்த வாத்தியார் ஐயா சொல்வார்.

ராஜகுமாரி வழியை முதலில் சொல்வதுதான் முறை. 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. அதை பாகவதர் பாட்டுக்கு என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். ரம்பாவாக வந்த டி.ஆர். ராஜகுமாரி இல்லாவிட்டால் ஹரிதாஸ் யாரை நம்பிக் கெடுவான்? எதற்காகத் திருந்துவான்? ஆடலின் நடுவே அவர் காற்றில் அனுப்பிய ஒரு முத்தம் அந்நாளில் கொட்டகைகளைக் கிறங்க வைத்தது. அதே பெண் பிறகு அவன் சொத்தை எடுத்துக்கொண்டு வெளியே துரத்துகிறாள். இரண்டும் ஒரே முகம். துரத்தும்போது தனியாக ஒரு கொடுமை முகத்தை எடுத்து மாட்டிக்கொள்ளவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ‘குலேபகாவலி’யில் பகடை உருட்டும் லக்பேஷா, ‘தங்கப் பதுமை’யில் ஒரு குடும்பத்தின் கண்ணையே பறித்துவிடும் மாயமோகினி என்று அதே வித்தையை அவர் பதினைந்து ஆண்டுகள் வேறு வேறு அளவில் கையாண்டார்.

அந்த வித்தையின் சிகரம் ‘மனோகரா’வில் அவர் ஏற்ற வசந்தசேனை. 1954 மார்ச் 3. எல்.வி. பிரசாத் இயக்கம், கலைஞர் வசனம், சிவாஜியும் கண்ணாம்பாவும் கொந்தளிக்கிற தர்பார். அந்தக் கொந்தளிப்பை மனப்பாடமாகச் சொல்லும் ரசிகர்கள் நம் சபாவிலேயே இருக்கிறார்கள். சங்கிலியில் கட்டுண்ட மகன் ஒரு பக்கம், பொறுமையின் எல்லையில் தாய் ஒரு பக்கம். இவர்கள் இருவரும் அவ்வளவு பேச வேண்டுமானால் பேசாத ஒருத்தி அரியணைப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். வசந்தசேனையின் பெயரைச் சொன்னால் எனக்கு முதலில் நினைவில் எழுவது அவர் பேசியது எதுவும் இல்லை. மன்னன் மகனுக்குத் தண்டனை சொல்லும்போது அவர் மன்னனைப் பார்க்கும் பார்வைதான். தான் ஏற்கனவே எழுதிவைத்ததை அவன் பிழையில்லாமல் படிக்கிறானா என்று சரிபார்க்கிற பார்வை அது.

அந்த 1954-ஐ நான் பெரிய ஆண்டு என்பேன். ஏப்ரலில் ‘அந்த நாள்’. பாடல் இல்லாத படம். சுட்டது யார் என்ற ஒரே கேள்வி. விடை தெரியும்போது, பண்டரிபாயின் அந்தக் குடும்பப் பாங்கான முகத்தைப் பார்த்துக் கொட்டகை திடுக்கிட்டது. அவர் வில்லி இல்லை. தேசத்தைக் காட்டிக்கொடுத்த கணவன் முன்னால் துப்பாக்கியோடு நின்றவர். ஆனால் அதிர்ச்சியை எப்படிக் கட்டுவது என்று படிக்க அதைவிட நல்ல பாடம் இல்லை. ‘பராசக்தி’யின் நாயகி, பட்கல் மண்ணின் மகள், இரண்டு மொழியிலும் சாத்வீகத்துக்கே பெயர் பெற்றவர். அந்த நற்பெயரையே எஸ். பாலசந்தர் திரையாக இழுத்துக் கட்டிவிட்டு அதன் பின்னால் குண்டை வைத்தார். ஆகஸ்டில் ‘தூக்குத் தூக்கி’. கணவனைத் தீர்த்துக்கட்டக் காதலனோடு திட்டமிடும் மனைவியாக லலிதா. தங்கை பத்மினி அதே படத்தில் நல்லவள். அடுத்த ஆண்டே ‘கணவனே கண் கண்ட தெய்வ’த்தில் நாகராணியாக வந்து லலிதா இன்னொரு முறை நம்மைக் குளிரவைத்தார். திருவாங்கூர் சகோதரிகளில் பத்மினியைப் பற்றி எழுதப்பட்டதில் பாதிகூட லலிதாவைப் பற்றி எழுதப்படவில்லை. வில்லிகளுக்கு விழா மலர்களில் இடம் குறைவு.

அக்டோபரில் ‘ரத்தக்கண்ணீர்’. இங்கேதான் ராஜம் வழி பிறந்தது. திருவாரூர் தங்கராசுவின் நாடகம், கிருஷ்ணன்–பஞ்சு இயக்கம், எம்.ஆர். ராதா. நாடகக் கம்பெனியில் சிறு வயதிலிருந்தே வளர்ந்த எம்.என். ராஜம், ராதா அண்ணனின் அத்தனை ஆவேசத்துக்கு எதிரே காந்தாவாக நின்றார். ராதா ஏற்ற மோகன் நோயில் விழுந்தபின் அவனைக் காலால் உதைத்துத் தள்ளும் இடத்தை நினைத்துப் பாருங்கள். அத்தனை பெரிய நடிகரை உதைப்பதற்கு ஓர் இளம்பெண்ணுக்கு எவ்வளவு தயக்கம் இருந்திருக்கும்! அந்தத் தயக்கத்தின் சாயல்கூடத் திரையில் இல்லை. வழியில் கிடக்கும் ஒன்றை ஒதுக்குகிற அலட்சியம் மட்டுமே இருக்கிறது. ராஜகுமாரி வழிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான். வசந்தசேனைக்கு அரியணை வேண்டும். அவளுக்கு ஒரு திட்டம் உண்டு. காந்தாவுக்குத் திட்டம் எதுவும் இல்லை. பணம் இருந்தது, இருக்கச் சொன்னாள். பணம் போயிற்று, போகச் சொன்னாள். திட்டமில்லாத இந்தக் குளிர்ச்சி நடிக்க இன்னும் கடினம் என்று நான் துணிந்து சொல்வேன். ராஜகுமாரி வழியில் வந்தவளே இதைச் சொல்கிறேன் என்பதை எதிர்க்கட்சியான ராஜம் வழியார் குறித்துக்கொள்ளலாம்.

சி.கே. சரஸ்வதி வழி வேறு நிலம். அரண்மனையும் தாசி வீடும் இல்லாமல், நடுக்கூடத்தில் உட்கார்ந்து வெற்றிலைப் பெட்டியைத் திறந்துகொண்டே ஒருவர் வாழ்க்கையை முடிக்கிற வழி. 1968-இல் ‘தில்லானா மோகனாம்பா’ளில் வடிவாம்பாள் தன் மகளை மிட்டாதாரிடமும் மகாராஜாவிடமும் கொண்டுபோய்ச் சேர்க்கத் துடிப்பது தாயின் அக்கறை என்ற உருவிலேயே நடக்கிறது. அடுத்த ஆண்டு ‘பூவா தலையா’வில் எஸ். வரலட்சுமி அதே நடுக்கூடத்தை ஒரு ராஜ்யமாகவே ஆக்கினார். ஆந்திரப் பக்கம் சூர்யகாந்தத்தம்மா தனியாகவே ஒரு பள்ளி. 1962-இன் ‘குண்டம்ம கத’வுக்குப் பிறகு அங்கே பெண் குழந்தைக்கு அவர் பெயரை வைக்கவே அஞ்சினார்கள் என்பார்கள். அந்தக் குண்டம்மாவின் பூர்வீகம் கன்னடம். 1958-இல் விட்டலாச்சார்யா எடுத்த ‘மனெ தும்பித ஹெண்ணு’ படத்திலிருந்து போனவள் அவள். விட்டலாச்சார்யாவும் சங்கர் சிங்கும் மகாத்மா பிக்சர்ஸ் நடத்தி ‘நாககன்னிகா’, ‘ஜகன்மோகினி’ எடுத்த காலத்து மைசூரை நம் மூத்தவர்களிடம் கேட்டால் இன்னும் சொல்வார்கள். நவஜோதி ஸ்டூடியோவின் வாசலில் நின்று நட்சத்திரம் பார்த்தவர்கள் அவர்கள்.

வில்லியைப் பற்றிப் பேசும்போது அவளுக்கு எதிரே நிற்பவளையும் பேச வேண்டும். இதில் மைசூருக்கு ஒரு பெருமை உண்டு. 1945-இல் பி.என். ரெட்டி தெலுங்கில் எடுத்த ‘ஸ்வர்க சீமா’வில் குடும்பத்தைக் கலைக்கும் நாடகக்காரியாக பானுமதி வந்தார். அந்தக் குடும்பத்தின் மனைவியாக நடித்தவர் குப்பி கம்பெனியின் பி. ஜெயம்மா. பானுமதியின் மினுக்கலைப் புகழ்கிறவர்கள், அது எந்தச் சுவரில் பட்டு அப்படி மினுங்கியது என்று கேட்பதில்லை. ஜெயம்மாவின் பொறுமை ஒரு அங்குலம் கூடுதலாக அழுதிருந்தால் பானுமதியின் பாத்திரம் மலிந்து போயிருக்கும். குப்பி வீரண்ணாவின் மேடையில் கற்ற அடக்கம் அது. கன்னட மேடை தெலுங்குத் திரைக்குத் தந்த அந்தக் கொடையை நம் கன்னட நண்பர்களே அதிகம் பேசுவதில்லை.

இனி எங்கள் வாத்தியார் ஐயாவைப் பற்றி. அவர் பெயரை அச்சில் போடக்கூடாது என்பது அவர் இருந்தபோதே சொன்ன கட்டளை, அதை மீறமாட்டேன். மதுரைப் பக்கத்து பாய்ஸ் கம்பெனியில் ஸ்திரீபார்ட்டாக வளர்ந்து, குரல் உடைந்ததும் கம்பெனியை விட்டு, பிழைப்புக்கு மைசூர் வந்து ரயில்வே பணிமனையில் சேர்ந்தவர். ஷிப்ட் முடிந்ததும் கையில் கிரீஸ் வாடையோடு ஒத்திகைக்கு வந்து நிற்பார். ஆண்பிள்ளையாகப் பிறந்து பெண்ணாக நிற்கப் படித்தவர் என்பதால், ஒரு பெண் எப்படி நிற்கிறாள் என்பதை எங்களைவிட அவருக்குத் துல்லியமாகத் தெரியும்.

எனக்கு அவர் முதலில் தந்த பாடம் வசனம் இல்லை. தேவராஜ மார்க்கெட் காய்கறி விலையை எழுதி வரச் சொன்னார். தக்காளி இவ்வளவு, பீன்ஸ் இவ்வளவு, சௌசௌ இவ்வளவு. அதை வாசித்துக் காட்டு என்றார். வாசித்தேன். “இப்போ இதே குரல்ல, அவனைக் கொன்னுடுங்கன்னு சொல்லும்மா” என்றார். சொன்னேன். என் குரல் ஏறிவிட்டது. “தக்காளிக்கு ஏறலையே, ஆளுக்கு மட்டும் ஏன் ஏறுது?” என்று கேட்டார். அந்த ஒரு வாரம் முழுக்கக் காய்கறி விலையும் கொலை ஆணையும் மாறி மாறி வாசித்தோம். இரண்டுக்கும் குரலில் வித்தியாசம் இல்லாத நாளில்தான் வசனத்தாளைக் கையில் தந்தார்.

இரண்டாவது பாடம் வெற்றிலை. மைசூர் வெற்றிலையின் காம்பைக் கிள்ளி, நரம்பை உரித்து, சுண்ணாம்பு தடவி மடிக்கிற அந்த வேலையை, மன்னனிடம் மகனைச் சங்கிலியில் போடச் சொல்லும் காட்சி முழுக்க வசந்தசேனை செய்துகொண்டே இருக்க வேண்டும். பம்மலாரின் நாடகத்தில் அப்படிக் குறிப்பு ஏதும் இல்லை; இது வாத்தியாரின் சொந்தக் கற்பனை. தாளம் தவறக்கூடாது. மன்னன் தயங்கும் இடத்தில் கை நிற்கலாம், ஒரே ஒரு முறை. அவன் இணங்கியதும் மறுபடி மடிக்கத் தொடங்க வேண்டும். அந்த ஒரு நிறுத்தத்துக்கு டவுன்ஹாலில் பின்வரிசை வரை மூச்சு நின்றதை நம் மூத்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். வில்லி தன் கையால் எதையாவது ஒழுங்காகச் செய்துகொண்டே இருந்தால் அவள் மனசு பதறவில்லை என்று ஜனங்களுக்குத் தெரிந்துவிடும் என்பார். ‘மனசு பதறவில்லை’ என்று வசனத்தில் எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள்.

மூன்றாவது பாடம், சிரிக்காதே.

இந்தக் கண்டிப்புக்கு மைசூரில் இன்னொரு காரணமும் இருந்தது. நம் நாடகங்களுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் கன்னடம் பேசுகிறவர்கள். பக்கம் பக்கமாக ஓடும் அடுக்குத் தமிழ் அவர்களுக்கு ஓரளவுதான் எட்டும். சென்னை சபாக்களில் வசனத்துக்குக் கைதட்டல் விழும், இங்கே விழாது. இங்கே கண்ணும் கையும் பேசினால்தான் வேலை நடக்கும். அதனால்தான் அசைவைக் குறைத்து, குறைத்த அசைவில் எல்லாவற்றையும் ஏற்றுகிற ஒரு முறை இந்த ஊரில் வளர்ந்தது. வெளியூர் விமர்சகர்கள் சிலர் இதை ‘மைசூர் மந்தம்’ என்று பேசியதுண்டு. மந்தமல்ல, அடக்கம். அந்த வேறுபாடு தெரியாதவர்களிடம் வாதிட்டுப் பயனில்லை.

வாத்தியார் பார்த்திராத வெளிநாட்டுப் படங்களைப் பிற்பாடு நம் திரையிடல்களில் பார்த்தபோது எனக்கு ஒரே வியப்பு. 1941-இல் வில்லியம் வைலர் எடுத்த ‘தி லிட்டில் ஃபாக்சஸ்’ படத்தில், இதயநோயில் துடிக்கும் கணவன் மாடியில் உள்ள மருந்துக்காகப் படியேறத் தவிக்கிறான். மனைவியாக வரும் பெட்டி டேவிஸ் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். கேமரா அவர் முகத்தை விட்டு நகரவில்லை. பின்னால் கணவன் மங்கலாகத் தடுமாறி விழுகிறான். 1945-இல் வந்த ‘லீவ் ஹெர் டு ஹெவன்’ படத்தில் ஜீன் டியர்னி படகில் உட்கார்ந்து, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கணவனின் தம்பி ஏரியில் மூழ்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டிலும் கத்தல் இல்லை, கை ஓங்கல் இல்லை, சிரிப்பு இல்லை. உலகத்தின் மறுகோடியில் இருந்தவர்களும் எங்கள் பணிமனை வாத்தியாரும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். நம் ‘மந்திரி குமாரி’யில், 1950-இல், தன்னைத் தள்ளிவிடவே மலையுச்சிக்கு அழைத்துவந்த கணவனைச் சுற்றி வணங்கும் சாக்கில் மாதுரிதேவி பின்னாலிருந்து தள்ளுகிறாரே, அந்த இடமும் இதே இலக்கணம்தான். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்பது வேறு விஷயம். தள்ளுவதற்கு முந்தைய கணம்வரை அவர் கும்பிட்ட கையோடு இருக்கிறார்.

பிற்காலத்தை வேகமாகக் கடந்துவிடுகிறேன். ‘முதல் மரியாதை’யை 1985-இல் பாரதிராஜா நம் தலக்காட்டுப் பக்கம் காவிரிக் கரையில் எடுத்தார். வடிவுக்கரசியின் பொன்னாத்தா கணவனுக்குச் சோறு போடுகிற விதத்திலேயே ஒரு மனிதனைக் கொன்றுவிடுகிறார். நம் ஜில்லா மண்ணில் படமான மகத்தான கொடுமைக்காரி அவர்; கொள்ளேகால் பக்கம் ‘16 வயதினிலே’ எடுத்தபோது காந்திமதி காட்டியது வாய்க்கொடுமை, உள்ளே பாசம். அவரை இந்த வரிசையில் சேர்க்கக்கூடாது. ‘அனுராக அரளிது’, அதிலிருந்து வந்த ‘மன்னன்’ இரண்டிலும் வருவது திமிர் பிடித்த பெண்ணை அடக்குகிற கதை, அதையும் சேர்க்கமாட்டேன். 1999-இன் நீலாம்பரியைச் சேர்க்காமல் இருக்க முடியாது. ‘பொன்னியின் செல்வன்’ நந்தினியை மனத்தில் வைத்துத்தான் அந்தப் பாத்திரத்தை அமைத்ததாக இயக்குநர் கே.எஸ். ரவிகுமாரே சொல்லியிருக்கிறார். ரம்யா கிருஷ்ணன் அதில் போடும் சத்தம் எங்கள் பள்ளிக்கு ஒவ்வாது. ஆனால் பதினெட்டு ஆண்டு ஓர் அறைக்குள் தன்னைப் பூட்டிக்கொண்டு இருக்கிறாளே, அந்தக் கற்பனைக்காக எல்லாவற்றையும் மன்னிக்கலாம். பிறகு 2003-இல் கன்னட ‘ரக்த கண்ணீரு’வில் அவரே காந்தாவாக வந்தார். ராஜம் வழி ஒரு சுற்று சுற்றி நம் ஊர்த் திரைக்கே வந்து சேர்ந்தது.

இப்போது சிரிப்பு. சொல்லாமல் விட்டால் வாத்தியாருக்குத் துரோகம்.

தமிழ்த் திரையில் அட்டகாசச் சிரிப்பு பி.எஸ். வீரப்பாவின் சொத்து. ‘சக்கரவர்த்தித் திருமகள்’, ‘மகாதேவி’, ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ என்று அந்தச் சிரிப்புக்கென்றே பாத்திரங்கள் உருவாயின. அதற்கு அவரிடம் மார்பு இருந்தது, மூச்சு இருந்தது, சிரித்து முடித்ததும் சட்டென்று முகத்தை மூடிக்கொள்ளும் வித்தை இருந்தது. அது ஆண் வில்லனின் ஆயுதம், அதிலும் ஒருவருடைய ஆயுதம். நம்பியார் சாமி அதைத் தொடவில்லை. அவருக்குக் கையைப் பிசைவது போதுமாக இருந்தது. அசோகன் தொடவில்லை. அப்படியிருக்க, இன்று வில்லி வேஷம் போடும் ஒவ்வொரு பெண்ணும் ஏன் வீரப்பாவாகச் சிரிக்க வேண்டும்?

நான் யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. அண்மையில் நாடகங்களை மறுபடி மேடையேற்றும் நண்பர்கள் எல்லோரும் நம்மவர்கள், உழைப்பாளிகள், கைக்காசு போட்டு நடத்துகிறவர்கள். அவர்களில் சிலருக்கு நானே பொட்டு வைத்து விட்டிருக்கிறேன். அவர்களைக் குறை சொல்லும் நோக்கம் எனக்கில்லை. ஆனாலும் வசந்தசேனை முதல் நுழைவிலேயே சிரிக்கிறாள். மன்னன் இணங்கியதும் சிரிக்கிறாள். பத்மாவதி அழும்போது சிரிக்கிறாள். காட்சி முடிந்து விளக்கு அணைந்த பிறகும் இருட்டில் சிரிப்பு கேட்கிறது. ஒலிப்பதிவுக்காரர் அதற்கு எதிரொலி வேறு சேர்க்கிறார். கன்னத்தில் ஒட்டிய மைக் வந்த நாளிலிருந்து மூச்சை வயிற்றிலிருந்து எடுக்கவேண்டிய தேவையும் போய்விட்டது. தொண்டையில் சிரித்தாலே கூரை அதிர்கிறது. கேட்கிறவர்களும் கைதட்டிவிடுகிறார்கள். கைதட்டல் விழுந்தால் அடுத்த காட்சியில் இன்னும் இரண்டு சிரிப்பு.

ஒரு போட்டிக்கு என்னை நடுவராக அழைத்திருந்தார்கள். எந்த அமைப்பு என்று வேண்டாம். பெண் பாத்திரங்களுக்கான ஓரங்கப் போட்டி. வந்த பிள்ளைகளில் கைகேயி போட்டவள் சிரித்தாள். கைகேயி! பேரரசி, கேகய நாட்டு மகள், நகைகளைக் கழற்றித் தரையில் எறிந்துவிட்டு விழுந்து கிடப்பவள். பெற்ற மகன் பரதனே தன்னை வெறுப்பான் என்று அறியாமல், அவனுக்கு நன்மை செய்வதாகவே நம்பி வரம் கேட்பவள். அவள் எதற்குச் சிரிப்பாள்? ‘சம்பூர்ண ராமாயண’த்தில் ஜி. வரலட்சுமி அந்த வேஷத்தில் இறுகிப்போய் நிற்கிறார். கம்பன் அவளை எப்படிக் காட்டுகிறான் என்று பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறதே! அந்தப் பிள்ளைக்கு முதல் பரிசு போனது. இணை நடுவர்கள் “நல்ல எனர்ஜி” என்றார்கள். நான் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தொலைக்காட்சித் தொடர்கள் வந்து எல்லாம் கெட்டது என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன், தொடர்களிலும் அடக்கமாக நடித்த பெண்கள் இருந்தார்கள். சிரிப்பு அதற்கு முன்பே வந்துவிட்டது. பயிற்சி சுருங்கியதால் வந்தது. இரண்டு மாத ஒத்திகை இரண்டு வாரமாகி, பிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமையாகி, இன்று கைபேசியில் வசனத்தை அனுப்பிவிட்டு நேரே மேடைக்கு வந்துவிடுகிறார்கள். அசையாமல் நிற்பதைக் கற்க மாதக்கணக்கு ஆகும். சிரிக்க ஒரு நிமிடம் போதும். கற்பிக்க ஆளில்லாதபோது எளிதானதுதான் பரவும். இன்று அது எங்கேதான் இல்லை? நவராத்திரியில் மாறுவேடப் போட்டிக்கு வரும் ஆறு வயதுக் குழந்தைகூடச் சூர்ப்பனகை என்று சொல்லி இடுப்பில் கைவைத்து ஹஹஹா என்கிறது. பெற்றவர்கள் படம் பிடிக்கிறார்கள். பள்ளி ஆண்டுவிழாவில் மந்தரை சிரிக்கிறாள். தெருமுனை விழிப்புணர்வு நாடகத்தில் வரதட்சணை கேட்கும் மாமியார் சிரிக்கிறாள். நிஜமாக வரதட்சணை கேட்ட எந்த மாமியார் அப்படிச் சிரித்தாள்? அவர்கள் மெதுவாகத்தானே கேட்டார்கள்? காபியை ஆற்றிக்கொண்டே அல்லவா கேட்டார்கள்? சிரிக்கிற மாமியாரைக் காட்டினால், சிரிக்காத மாமியாரை நல்லவள் என்று ஒரு பெண் நம்பிவிடமாட்டாளா? கொடுமையை அடையாளம் காணும் கண்ணையே இந்தச் சிரிப்பு நம் பிள்ளைகளிடமிருந்து பிடுங்கிவிட்டது. மேடைக்குறை என்று இதை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. ஊருக்கே வந்த கேடு என்று எண்ணுகிறேன். மூத்தவர்கள் சிலர் நான் மிகைப்படுத்துவதாகச் சொல்வார்கள். அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்த விஷயத்தில் ஓர் அங்குலமும் நகரமாட்டேன்.

பயிற்சியைப் போலவே நம் ஊரின் கலைக்களங்களும் சுருங்கின. பிரீமியர் ஸ்டூடியோ 1989-இல் தீக்கு இரையாகி அத்தனை உயிர்களைக் கொண்டுபோனது. ஷாந்தலா, சரஸ்வதி தியேட்டர்கள் கதவடைத்தன. அதே 1989-இல் பி.வி. காரந்த் தொடங்கிய ரங்காயணா இன்றும் நிற்கிறது. அங்கே கன்னடப் பிள்ளைகள் நிற்கவும் நடக்கவும் முறையாகக் கற்கிறார்கள் என்பதைப் பார்க்கும்போது பொறாமையாகவும் நம்பிக்கையாகவும் இருக்கிறது. நமக்கு அவ்வளவு வசதி இல்லை. ஒரு கூடமும் ஞாயிறு மாலையும்தான் இருக்கின்றன. அது போதும் என்றுதான் வாத்தியார் ஒரு தலைமுறையை உருவாக்கினார்.

செயற்குழுவுக்கு என் வேண்டுகோள் இதுதான். வரும் தசரா காலத்தில் நம் சபா நடத்தும் நாடகப் போட்டியின் விதிகளில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: எதிர்மறைப் பெண் பாத்திரம் ஏற்பவர் வாய்விட்டுச் சிரித்தால், பிரதியில் அப்படிக் குறிப்பு இருந்தாலன்றி, மதிப்பெண் குறைக்கப்படும். எத்தனை மதிப்பெண் என்பதை மூத்தவர்கள் முடிவு செய்யட்டும். வாத்தியார் தன் கையால் ஓரக்குறிப்பு எழுதிய ‘மனோகரா’ நோட்டு என்னிடம் இருக்கிறது. வெற்றிலை மடிக்கும் இடங்கள் சிவப்பு மையில் உள்ளன. அதை நகலெடுத்துச் சபா நூலகத்துக்குத் தருகிறேன். வசந்தசேனை கற்க விரும்பும் பெண்கள் ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் கூடத்துக்கு வரலாம். வரும்போது அன்றைய காய்கறி விலையை எழுதிக்கொண்டு வரவேண்டும்.